சிறுநீர் அடங்காமையும் வழிபாட்டுத் தூய்மையும்

எச்.டி.எல்.வி.-1 என்ற வைரஸால் வரும் தண்டுவட நோய்க்கு இரண்டு அடையாளங்கள் உண்டு. கால்கள் விறைத்து நடை தளர்வது ஊர் அறியும் அடையாளம். சிறுநீர் அடங்காமல் போவது நோயாளி மட்டுமே அறியும் அடையாளம். ஈரானின் வடகிழக்கில் உள்ள மஷ்ஹத் நகரத்தில் இந்த வைரஸ் நெடுங்காலமாக வேரூன்றியிருக்கிறது. ஷியா முஸ்லிம்களின் எட்டாம் இமாமான அலி ரிழா அடக்கமாகியிருப்பதும் இந்த நகரத்தில்தான். ஒவ்வொரு தொழுகைக்கு முன்பும் உடலும் உடையும் சிறுநீர் படாமல் இருக்க வேண்டும் என்பது இஸ்லாத்தின் விதி. அடுத்த சொட்டு எப்போது கசியும் என்று தனக்கே தெரியாத ஒருவர் இறைவன் முன் எப்படி நிற்பது? தூய்மை என்பது உடலின் நிலையா, அல்லது மனிதன் தன் சக்திக்கு உட்பட்டுச் செய்யும் முயற்சியா? இந்த நோய் அந்தப் பழைய கேள்வியை மிகக் கூர்மையாக எழுப்புகிறது.

சிறுநீர் கழிப்பது முழுக்க மனித விருப்பத்துக்குக் கட்டுப்பட்டதும் அல்ல, முழுக்கத் தானாக நடப்பதும் அல்ல. பிறந்த குழந்தையிடம் அது வெறும் அனிச்சைச் செயல்: பை நிறைந்ததும் தானே சுருங்கி வெளியேற்றிவிடும். வளர வளர மூளை அந்த அனிச்சையைத் தன் பிடிக்குள் கொண்டுவருகிறது. வளர்ந்தவரின் சிறுநீர்ப்பை 300 முதல் 500 மில்லிலிட்டர் வரை கொள்ளும். சுமார் 150 மில்லிலிட்டரிலேயே முதல் உணர்வு தோன்றினாலும், இடமும் நேரமும் பொருந்தும்வரை காத்திருக்க முடிகிறது. மூளைத்தண்டில் இதற்கென ஒரு மையம் இருப்பதை 1925இல் பேரிங்டன் என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர் பூனைகளிடம் செய்த ஆய்வில் காட்டினார். அந்த மையத்திலிருந்து கட்டளைகள் தண்டுவடம் வழியாக இறங்கி, அதன் அடிப்பகுதியில் உள்ள நரம்புகளை அடைகின்றன. பைத் தசை சுருங்கும்போது வாயிலில் உள்ள சுருக்குத் தசை தளர வேண்டும். பை நிறையும்போது அது இறுக வேண்டும். இந்த இணக்கத்தை மேலிருந்து நடத்துவது மூளை.

எச்.டி.எல்.வி.-1 தண்டுவடத்தின் மார்புப் பகுதியில்தான் பெரும்பாலும் அழற்சியை உண்டாக்குகிறது. வைரஸ் குடியிருப்பது இரத்தத்தின் டி வகை வெள்ளணுக்களில். அந்த அணுக்கள் தண்டுவடத்துக்குள் நுழைய, அவற்றை எதிர்த்து உடலின் காவல் அணுக்கள் நடத்தும் போரில் அக்கம்பக்கத்து நரம்பு இழைகள் அழிகின்றன. மூளைக்கும் சிறுநீர்ப்பைக்கும் இடையிலான பாதை நடுவழியில் அறுபடுகிறது. கீழே உள்ள அனிச்சை மட்டும் மேற்பார்வை இல்லாமல் மிஞ்சுகிறது. பை பாதி நிறைவதற்குள் சுருங்குகிறது; அடக்க முடியாத அவசரம் எழுகிறது; இரவில் நான்கைந்து முறை எழ வேண்டியிருக்கிறது; கழிப்பறையை எட்டுவதற்குள் உடை நனைந்துவிடுகிறது. சிலருக்குப் பை சுருங்கும் அதே நேரத்தில் வாயில் தசையும் இறுகுவதால் சிறுநீர் முழுவதும் வெளியேறாமல் தேங்குகிறது. தேங்கிய நீரில் கிருமித் தொற்று உண்டாகிறது. நாளடைவில் சிறுநீரகமும் கெடலாம். நடை தளர்வதற்குப் பல ஆண்டுகள் முன்பே இந்தத் தொல்லை தொடங்கிவிடுவதும் உண்டு. அப்போது ஆண்களிடம் புராஸ்டேட் வீக்கம் என்றும் பெண்களிடம் பிரசவத்தின் பின்விளைவு என்றும் அது தவறாகக் கணிக்கப்பட்டுவிடும்.

நோய் மருத்துவ நூல்களுக்குள் வந்தது கட்டங்கட்டமாக. 1956இல் க்ரூக்ஷாங்க் என்ற மருத்துவர் ஜமைக்காவில் காரணம் தெரியாத கால் விறைப்பு நோயை விவரித்தார். 1969இல் கே. எஸ். மணியும் உடன் ஆய்வாளர்களும் தென்னிந்தியாவில் அதையொத்த நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். 1980இல் அமெரிக்காவில் ராபர்ட் கேலோவின் ஆய்வுக்கூடம் வைரஸைக் கண்டறிந்தது. 1985இல் மார்ட்டினிக் தீவிலும், 1986இல் ஜப்பானின் ககோஷிமாவிலும், வைரஸுக்கும் தண்டுவட நோய்க்கும் உள்ள தொடர்பு நிறுவப்பட்டது. உலகில் குறைந்தது 50 லட்சம் முதல் ஒரு கோடி பேர் இந்த வைரஸைச் சுமக்கிறார்கள் என்பது மதிப்பீடு. அவர்களில் மிகப் பெரும்பாலோர் வாழ்நாள் முழுவதும் நோயின்றியே இருக்கிறார்கள். தண்டுவட நோய் வருவது நூற்றுக்கு நான்கு பேருக்கும் குறைவாகவே. மஷ்ஹத்தில் நூறு பேரில் இரண்டு பேர் அளவுக்கு வைரஸ் காணப்படுகிறது.

அந்த நகரத்தில் வைரஸைச் சுமந்தவர்கள் முஸ்லிம்கள் மட்டும் அல்லர். 18ஆம் நூற்றாண்டில் ஈரான் மன்னர் நாதிர் ஷாவின் காலத்தில் யூதக் குடும்பங்கள் மஷ்ஹத்தில் குடியேறின. 1839இல் நடந்த கலவரத்தில் அந்தச் சமூகம் முழுவதும் இஸ்லாத்தை ஏற்கக் கட்டாயப்படுத்தப்பட்டது. அதன் பிறகு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு காலம் அவர்கள் வெளியே பள்ளிவாசலுக்குப் போகும் முஸ்லிம்களாகவும், வீட்டுக்குள் ஓய்வுநாள் காக்கும் யூதர்களாகவும் வாழ்ந்தார்கள். தங்களுக்குள்ளேயே மணம் முடித்தார்கள். பின்னர் ஜெருசலேமுக்கும் லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் குடிபெயர்ந்தார்கள். 1990ஆம் ஆண்டையொட்டி இஸ்ரேலில் நடந்த ஆய்வுகளில் மஷ்ஹத் வழிவந்த யூதர்களிடம் இதே வைரஸும் இதே தண்டுவட நோயும் கண்டறியப்பட்டன. ஆக, ஒரே ஊரின் ஒரே வைரஸ், தூய்மையைப் பற்றி மிக நுணுக்கமாகச் சட்டம் வகுத்த இரண்டு சமயங்களின் உடல்களுக்குள்ளும் புகுந்திருக்கிறது. அந்த இரண்டும் சிறுநீர் அடங்காதவரைப் பற்றி என்ன சொல்கின்றன என்று அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பது பயனுள்ளது.

அதற்கு முன், இவற்றுக்கு நேர் எதிரான ஒரு விடையையும் குறிப்பிட வேண்டும். ஐந்தாம் நூற்றாண்டில் கிறித்தவ இறையியலாளர் அகஸ்டின் எழுதிய ‘கடவுளின் நகரம்’ என்ற நூலின் பதினான்காம் பகுதி, உடல் மனித விருப்பத்துக்குப் பணியாமல் போவதை ஆதிப் பாவத்தின் தண்டனையாகக் காண்கிறது. மனிதன் கடவுளுக்குக் கீழ்ப்படியவில்லை. அதனால் அவன் உறுப்புகள் அவனுக்குக் கீழ்ப்படிவதில்லை. அகஸ்டின் முதன்மையாகப் பேசுவது பாலுறுப்பைப் பற்றித்தான். ஆனால் அந்த வாதத்தின் நிழல் நோயுற்ற உடல்கள் எல்லாவற்றின் மேலும் விழுந்திருக்கிறது. அடக்க முடியாதவன் ஏதோ ஒரு வகையில் ஒழுக்கம் குறைந்தவன் என்ற எண்ணம், அகஸ்டினைப் படிக்காத ஊர்களிலும் இருக்கிறது. தாய்ப்பாலின் வழியே சிசுப் பருவத்தில் வந்து, நாற்பது ஆண்டுகள் ஓசையில்லாமல் இருந்து, பின் தண்டுவடத்தைத் தீண்டும் ஒரு வைரஸின் முன்னால் அந்த எண்ணம் நிற்காது. அதில் நோயாளியின் தேர்வு ஒன்றுகூட இல்லை. ஆயுர்வேத நூலான சரக சம்ஹிதை இந்த இடத்தில் தெளிவாக இருக்கிறது. சூத்திர ஸ்தானத்தின் ஏழாம் அத்தியாயம் அடக்கக் கூடாத பதின்மூன்று உடல் வேகங்களைப் பட்டியலிடும்போது சிறுநீரை முதலில் வைக்கிறது. அடக்க வேண்டியவை என்று அது தனியே சொல்வது பேராசை, கோபம் போன்ற மன வேகங்களை. உடலின் உந்துதலும் மனத்தின் உந்துதலும் ஒரே தராசில் நிறுக்கத் தக்கவை அல்ல என்பதை அந்த மருத்துவ நூல் அறிந்திருந்தது.

இஸ்லாமியச் சட்டம் இந்த நோயாளியைச் சட்டத்துக்குள்ளேயே ஏற்கிறது. இடைவிடாத சிறுநீர்க் கசிவுக்கு அரபியில் ‘சலசுல் பவ்ல்’ என்று பெயரே உண்டு. அப்படிக் கசிபவர் ‘மஃதூர்’, அதாவது காரணம் ஏற்கப்பட்டவர். இதன் வேர், தொடர் உதிரப்போக்கால் வருந்திய பாத்திமா பின்த் அபீ ஹுபைஷ் என்ற பெண் தொழுகையை விட்டுவிடலாமா என்று கேட்டபோது நபிகள் நாயகம் அளித்த விடையில் இருக்கிறது: அது மாதவிடாய் அன்று, இரத்த நாளத்திலிருந்து வருவது; இரத்தத்தைக் கழுவிவிட்டுத் தொழலாம். சட்ட அறிஞர்கள் அந்த விடையைச் சிறுநீருக்கும் நீட்டினார்கள். மூலநோயால் வருந்திய இம்ரான் பின் ஹுஸைனுக்கு, நின்று தொழ முடியாவிட்டால் உட்கார்ந்தும், அதுவும் முடியாவிட்டால் படுத்தும் தொழ வழி சொல்லப்பட்டது. குர்ஆனைத் தொகுத்த பணியில் முதன்மையானவரான ஸைத் பின் ஸாபித் முதுமையில் சிறுநீர் அடங்காமல், இயன்றவரை அதைத் தடுத்துப் பார்த்துவிட்டு, இயலாதபோது கசியும் நிலையிலேயே தொழுதார் என்ற செய்தியும் உண்டு. இறைவேதத்தைத் திரட்டிய கைகளுக்கு உரியவரின் உடலே அப்படி இருந்தது என்பதை மஷ்ஹத்தின் நோயாளி ஒருவர் அறிந்தால் அவருக்குப் பெரிய ஆறுதலாக இருக்கும்.

விவரங்களில் மத்ஹபுகள் எனப்படும் சட்டப் பிரிவுகள் வேறுபடுகின்றன, அந்த வேறுபாட்டில்தான் சிந்தனை இருக்கிறது. ஹனஃபி சட்டப்படி, ஒரு தொழுகை நேரம் முழுவதும் ஒளு (தொழுகைக்கு முந்தைய கழுவல்) செய்து தொழும் அளவுக்குக்கூட இடைவெளி கிடைக்காமல் கசிந்தால் ஒருவர் மஃதூர் ஆகிறார். அதன் பின் ஒவ்வொரு தொழுகை நேரத்திலும் ஒரு முறையாவது கசிவு இருக்கும்வரை அவர் மஃதூராகவே நீடிக்கிறார். ஒரு நேரத்துக்கு ஓர் ஒளுப் போதும். அந்த நேரம் முடியும்போதுதான் அது முறியும், கசிவால் முறியாது. தமிழகக் கடலோரத்திலும் இலங்கையிலும் பெரும்பாலான முஸ்லிம்கள் பின்பற்றும் ஷாஃபிஈ சட்டம் இன்னும் கண்டிப்பானது. தொழுகை நேரம் தொடங்கிய பிறகு கழுவி, துணியால் கட்டி, உடனே ஒளுச் செய்து, தாமதமின்றித் தொழ வேண்டும்; கட்டாயத் தொழுகையான ஒவ்வொரு ஃபர்ளுக்கும் இதைப் புதிதாகச் செய்ய வேண்டும். ஜமாஅத் என்ற கூட்டுத் தொழுகைக்காகக் காத்திருப்பது தாமதமாகக் கருதப்படாது. மாலிக்கி சட்டமோ, கசிவு பாதி நேரத்துக்கு மேல் நீடிப்பவருக்கு அது ஒளுவையே முறிப்பதில்லை என்கிறது. மஷ்ஹத்தில் வழங்கும் ஜஅஃபரி சட்டம், கசியாத இடைவெளி கிடைக்குமானால் அந்த இடைவெளியில் தொழச் சொல்கிறது. கிடைக்காதவர் சிறுநீர் பரவாமல் இருக்கப் பஞ்சு வைத்த பையை அணிந்துகொண்டு தொழலாம். ஷியாக்கள் நண்பகல், பிற்பகல் தொழுகைகளைச் சேர்த்துத் தொழுவது வழக்கம் என்பதால் நோயாளியின் சுமை மேலும் குறைகிறது.

ஷாஃபிஈ சட்டத்தில் ஒரு நுட்பம் தனியே கவனிக்கத் தக்கது. நலமாக உள்ளவர் ஒளுச் செய்யும்போது ‘அசுத்த நிலையை நீக்குகிறேன்’ என்று நிய்யத் (எண்ணம்) வைக்கலாம். மஃதூர் அப்படி வைப்பதில்லை. ‘தொழுகை எனக்கு ஆகுமானதாக வேண்டும்’ என்று வைக்கிறார். அசுத்தம் நீங்கிவிட்டதாக அவர் பாவனை செய்ய வேண்டியதில்லை. அது நீங்கவில்லை என்பதும், ஆனாலும் வாசல் திறந்திருக்கிறது என்பதும் ஒரே வாக்கியத்தில் ஏற்கப்படுகின்றன. மாலிக்கி சட்டம் வேறு வழியில் போகிறது: மனிதனின் சக்திக்கு அப்பாற்பட்டது அசுத்தமாகக் கணக்கிடப்படுவதே இல்லை. ஒன்று உண்மையை மறைக்காமல் மன்னிக்கிறது. மற்றொன்று மன்னிக்க எதுவும் இல்லை என்கிறது. நோயாளிக்கு எளிது இரண்டாவது. ஆனால் முதலாவதற்கு ஆழம் கூடுதல். நனைந்த துணியின் உணர்வோடு நிற்கும் ஒருவரிடம் ‘நீ நனையவே இல்லை’ என்று சொல்வதைவிட, ‘நனைந்திருக்கிறாய், வா’ என்று சொல்வது அவர் அனுபவத்துக்கு நேர்மையானது.

யூதச் சட்டமும் இதே இடத்துக்கு வேறு பாதையில் வருகிறது. சிறுநீர் அவசரத்தோடு நின்று ஜெபிப்பது அங்கும் தவறு. சிறுநீர் இருக்கும் இடத்தில் புனித வார்த்தைகளை உச்சரிப்பதும் கூடாது. ஆனால் யூதச் சட்டத் தொகுப்பான தால்முதின் பெராகோத் பகுதி, ஜெபித்துக்கொண்டிருக்கும்போதே முழங்காலில் நீர் வழியும் மனிதனை நேரடியாக எடுத்துக்கொள்கிறது. அவன் ஓட வேண்டியதில்லை. வழிவது நிற்கும்வரை வாயை மூடிக் காத்திருந்து, நின்றதும் ஜெபத்தைத் தொடர வேண்டும். நீர் பாயும் கணத்தைத்தான் மூலச் சட்டம் தடுக்கிறது, பாய்ந்து முடிந்ததன் மேல் உள்ள தடை பின்னர் வந்த அறிஞர்களின் ஏற்பாடு என்ற விளக்கமும் அதே பகுதியில் உண்டு. பின்னது இளகக் கூடியது. ஆகவே உள்ளாடை நனைந்தாலும் மேலே தூய உடை மூடியிருந்தால் ஜெபிக்கலாம் என்ற முடிவுக்கு வழி பிறந்தது. கதீட்டர் குழாயும் சிறுநீர்ப் பையும் வந்த பிறகு, பையை மூடி மறைத்துவிட்டு ஜெபிக்க அனுமதித்த ரபிகள் இந்தப் பழைய அடித்தளத்தின் மேல்தான் நின்றார்கள். நெற்றியிலும் கையிலும் அணியும் தெஃபிலீன் பேழைகளுக்கு மட்டும் சுத்தமான உடல் கட்டாயம் என்பதால், அடங்காமை உள்ளவர் கசிவைக் கட்டுப்படுத்த முடிந்த சில நிமிடங்களுக்கு மட்டும் அவற்றை அணிகிறார்.

யூத வழக்கத்தில் இதைவிட வியப்பானது ஒன்று இருக்கிறது. கழிப்பறையிலிருந்து வந்து கைகழுவியதும் சொல்வதற்கென்றே ஒரு துதி உண்டு. உடலில் துவாரங்களையும் குழிகளையும் ஞானத்தோடு படைத்ததற்கும், அவற்றில் ஒன்று அடைபட்டாலோ உடைபட்டாலோ மனிதன் நிற்க முடியாது என்பதற்கும் அது இறைவனை நினைக்கிறது. தால்முத் காலத்து அறிஞரான அபாயேயின் பெயரோடு அது வழங்குகிறது. நரம்பு அறுபட்டவர் ஒருவருக்கு இந்தத் துதியின் ஒவ்வொரு சொல்லும் உடலில் தைக்கும் உண்மை. சிறுநீர் கழிப்பதை வழிபாட்டுக்கு வெளியே தள்ளாமல் வழிபாட்டின் பொருளாகவே ஆக்கிய இந்த மரபு, அடங்காமையை ஒழுக்கக் குறையாகக் காணும் எண்ணத்துக்கு வலுவான மறுப்பு.

தாய்ப்பால் பற்றிய கேள்வி இதைவிட வேதனையானது. இந்த வைரஸ் உடலுறவாலும் இரத்த மாற்றத்தாலும் பரவும். ஆனால் ஒரு தலைமுறையிலிருந்து அடுத்ததற்குப் போகும் முதன்மை வழி தாய்ப்பால். ஆறு மாதங்களுக்கு மேல் நீடித்தால் குழந்தைக்குத் தொற்றும் வாய்ப்பு கூடுகிறது. ஜப்பானின் நாகசாகி மாகாணத்தில் 1987 முதல் கர்ப்பிணிகளுக்குப் பரிசோதனை செய்து, தொற்றுள்ள தாய்மாரைத் தாய்ப்பாலைத் தவிர்க்கச் சொன்னதால் பரவல் வெகுவாகக் குறைந்தது. குர்ஆனோ இரண்டாண்டு பாலூட்டலை முழு அளவாகச் சொல்கிறது. மார்க்கப் பற்றுள்ள தாய்க்கு மருத்துவரின் சொல் இறைவாக்குக்கு எதிரானதாகத் தோன்றலாம். அது எதிரானது அன்று. இரண்டாண்டைச் சொல்லும் அதே வசனம், பெற்றோர் இருவரும் கலந்து பேசி மனமொத்து முன்னதாகப் பால் மறக்கடித்தால் குற்றமில்லை என்றும், பிள்ளையின் பொருட்டு யாருக்கும் தீங்கு நேரக் கூடாது என்றும் சேர்த்தே சொல்கிறது. பால் கொடுத்த நாளில் அறியாத ஒன்றுக்காக எந்தத் தாயும் குற்றவாளி ஆக மாட்டாள். தன் மகளின் நோய்க்குத் தானே காரணம் என்று உருகும் முதிய தாய்க்கு இதை யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும்.

வைரஸை உடலிலிருந்து அகற்றும் மருந்து இன்னும் இல்லை. ஆனால் சிறுநீர்ப்பைக்கு உதவி உண்டு. மிகையாகச் சுருங்கும் பையை ஆக்ஸிபியூட்டினின் போன்ற மாத்திரைகளும், பைத் தசையில் போடும் போட்டாக்ஸ் ஊசியும் அடக்குகின்றன. தேங்கும் நீருக்கு, 1972இல் மிச்சிகனில் ஜாக் லாப்பிடஸ் அறிமுகப்படுத்திய முறை இன்றும் சிறந்தது: நோயாளி தானே மெல்லிய குழாயைச் செருகி, நான்கைந்து மணி நேரத்துக்கு ஒரு முறை பையைக் காலி செய்கிறார். இந்த மருத்துவத்துக்கு மார்க்கப் பொருளும் உண்டு. கசிவற்ற நேரம் ஒன்று கிடைத்தவர் மஃதூர் நிலையிலிருந்து வெளியேறி, எல்லோரையும் போல ஒளுச் செய்து தொழுகிறார். ஆகவே தொழ முடிவதற்காக மருத்துவரிடம் போவதும் வழிபாட்டின் ஒரு பகுதியே. பொறுமை என்ற பெயரில் சிறுநீரகம் கெடும்வரை வீட்டுக்குள் ஒடுங்கியிருப்பதை இந்தச் சட்டங்களில் எதுவும் கேட்கவில்லை.

சட்டம் திறந்து வைத்த வாசலுக்கு வெளியே நோயாளியை நிறுத்திவைப்பது வெட்கம். வாடை வருமோ, விரிப்பில் சொட்டுமோ, பக்கத்தில் நிற்பவர் விலகுவாரோ என்ற அச்சத்தில் அவர் முதலில் ஜமாஅத்தை விடுகிறார், பிறகு வீட்டுத் தொழுகையையும் விடுகிறார். யாரிடமும் கேட்கக் கூசுவதால், தனக்கென ஒரு சட்டப் பிரிவே எழுதப்பட்டிருப்பது அவருக்குத் தெரியாமல் போகிறது. ஒளுவின் விதிகளைக் கற்பிக்கும் இமாம்கள், ஜெப விதிகளைக் கற்பிக்கும் ரபிகள், இந்தப் பிரிவை யாரும் கேட்பதற்காகக் காத்திருக்காமல் சபையில் வெளிப்படையாக ஓதிக் காட்ட வேண்டும். வழிபாட்டுக் கூடங்களை நிர்வகிப்பவர்கள் கூடத்தை ஒட்டியே, சக்கர நாற்காலி நுழையும் அகலமுள்ள கதவும், உட்கார்ந்தபடி எட்டும் உயரத்தில் குழாயும், நனைந்த துணியை மாற்ற ஒரு பலகையும் உள்ள கழிப்பறை ஒன்றைக் கட்டித்தர வேண்டும்.